கிளச்சில் வைத்த கால்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிசியோதெரபிப் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மரியாதைக்குக் கேட்டார்களோ என்னவோ, நான் உண்மையாகவே எழுத உட்கார்ந்துவிட்டேன். மஹய்யாவையில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் காலை பஸ்கள் போகின்றன. அந்த ஹோர்ன் சத்தம் கேட்டதும் என் கை இன்னும் பையைத் தேடுகிறது. ஓய்வு பெற்றாகிவிட்டது என்று கைக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மறைப்பானேன், எனக்கு அந்த வார்டு வேண்டும்போல இருக்கிறது. அந்த மருந்து நெடியும், “மிஸ், மிஸ்” என்று நாலு பக்கத்திலிருந்தும் கூப்பிடுகிற குரல்களும் வேண்டும்போல இருக்கிறது.

எந்தத் தசையை எப்படி நீட்டுவது, எந்த மூட்டை எவ்வளவு மடக்குவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் காலத்தில் இல்லாத வீடியோக்கள் எல்லாம் உங்கள் கையில் இருக்கின்றன. ஆகவே அந்தப் பக்கமே நான் போகப் போவதில்லை. வலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதுவும் ஒரே ஒரு மனிதரை வைத்து.

வலி என்றால் கெட்டது, அதைத் துரத்துவதுதான் நம் வேலை என்று நினைத்துக்கொண்டுதான் நானும் வந்தேன். முதலில் அந்த நினைப்பைக் கெடுத்தவர் கலஹாவில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த ஓர் அம்மா. நீண்டகாலச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, பாதம் மரத்தே போயிருந்தது. செருப்பைத் துளைத்துக்கொண்டு ஆணி ஒன்று உள்ளங்காலில் ஏறியிருக்கிறது, அதோடேயே பஸ் ஏறி, நின்றபடி பேராதனையில் எங்கள் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து, என் முன்னால் உட்கார்ந்து தோள்பட்டை வலிக்கு வைத்தியம் கேட்டார். செருப்பைக் கழற்றச் சொன்னபோது கழற்ற வரவில்லை. “என்னா மிஸ், ஒட்டிக்கிருச்சா?” என்று சிரித்தார். நான் டொக்டரைக் கூப்பிட ஓடினேன். கால் இருந்தும் வலி போய்ச் சேரவில்லை. இனி நான் சொல்லப்போகிறவருக்கோ கால் இல்லை, வலி மட்டும் இருந்தது.

அவர் லொறி டிரைவர். வீடு கடுகண்ணாவையில். அண்ணன் என்று கூப்பிட வேண்டிய இடத்தில் எங்கள் ஊரில் முஸ்லிம் ஆட்களை நானா என்போம், அதனால் எனக்கு அவர் நானா. அவர்கள் வீட்டுப் பேச்சில் ‘இருக்கிறது’ என்பது ‘ஈக்குது’ ஆகிவிடும். தோட்டத்துத் தொழிற்சாலைகளிலிருந்து தேயிலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வருவதுதான் அவருடைய பிழைப்பு. ஒருநாள் கடுகண்ணாவை இறக்கத்தில் லொறி பிடி விட்டுப்போனது. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மலை. அவர் மலைப்பக்கம் திருப்பி அடித்தார். உயிர் தப்பியது, இடது கால் நசுங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

காயம் அழகாக ஆறியது. தையல் போட்ட இடத்தைப் பார்த்து வார்டில் எல்லோரும் மெச்சினார்கள். ஆனால் அவர் தூங்கவில்லை. எடுத்துப் போட்ட பாதத்தில்தான் வலி என்றார். விரல்கள் கீழே மடங்கிக் குறண்டிப் பிடித்திருக்கின்றன, குதிகால் நெருப்பாக எரிகிறது என்றார். கால் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் போர்வைதான் இருந்தது. அவருடைய மனைவி அந்த வெற்று இடத்தில் கையை வைத்து மெத்தையை அமுக்கிக்கொண்டிருப்பார். பக்கத்துக் கட்டில்காரர்கள் இதைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்தார்கள். மனைவியும் பல நாளாகத் தூங்கவில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

“இல்லாத காலு நோவுது எண்டு சொன்னா எவன் மிஸ் நம்புற?” என்று கேட்டார் நானா. “எண்ட மகனே நம்புறானில்ல. வாப்பாக்கு மண்டயில அடிபட்டிரிக்கும் எண்டு சொல்றான்.”

“நான் நம்புறேன் நானா,” என்றேன்.

நம்பினேன், சும்மா சமாதானத்துக்குச் சொல்லவில்லை. கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கு என்று ஒதுக்கிய இடம் அப்படியே இருக்கும் என்று உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். எனக்கு அது படித்து விளங்கவில்லை. என் மகள் வெளிநாடு போன பிறகும் எத்தனையோ நாள் அவளுக்கும் சேர்த்து அரிசி போட்டுவிட்டேன். சோறு வெந்த பிறகுதான் அவள் இல்லை என்பது உறைக்கும். மூளையும் அப்படித்தான். காலுக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கிறது, அங்கிருந்து பதில் வருவதில்லை. பதில் வராத இடத்தில் அது வலியைப் போட்டு நிரப்புகிறது.

நானாவுக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. அவருக்கு வேண்டியது வேறு. இன்னும் மேலே வெட்டிவிடுங்கள், முழங்காலோடு எடுத்துவிடுங்கள், நோவும் அதோடு போய்விடும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். எங்கள் சத்திரசிகிச்சை டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், எளிதில் குரலை உயர்த்தாதவர். அவரே என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்திச் சலித்துக்கொண்டார்.

“பாருங்கோ, மேல வெட்டினால் நோவும் மேல வரும் எண்டு சொல்லிச் சொல்லி நான் களைச்சுப் போனன். ஆள் கேக்கிறார் இல்லை. இஞ்ச வெட்டாட்டி வெளியில எங்கயாவது போய் வெட்டுவிப்பன் எண்டு நிக்கிறார். வெட்டுறதுக்கும் ஆக்கள் இருக்கினம்.”

“முழங்கால் போனா அவரு நடக்கிறதே கஷ்டமாயிரும் டொக்டர்.”

“ஓம், அது எனக்குத் தெரியாதே? அடுத்த கிளினிக் வரைக்கும் ஆளை வெச்சிருக்கிறன். அதுக்குள்ள நீங்கள் ஏதும் செய்து பாருங்கோ.”

முழங்கால் என்றால் என்ன என்பதை நம் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அது இருந்தால் செயற்கைக் கால் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்து போகலாம், பஸ் ஏறலாம், பள்ளிவாசலில் மற்றவர்களோடு சேர்ந்து மண்டியிடலாம். அது போய்விட்டால் அந்த வயதில் ஒவ்வொரு அடியும் போராட்டம். நல்ல முழங்கால் ஒன்றைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகும் அதே வலியோடு அவர் உட்கார்ந்திருக்கப் போகிறார் என்பதை நினைக்க எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை.

கண்ணாடி வைத்துச் செய்கிற சிகிச்சையை நீங்கள் படித்திருப்பீர்கள். இரண்டு காலுக்கும் நடுவில் நீளமான கண்ணாடி ஒன்றை நிறுத்தி, நல்ல காலை அதில் பார்க்கச் செய்வது. பார்க்கிறவருக்குப் போன கால் திரும்பி வந்துவிட்டது போலத் தெரியும். எங்களிடம் அப்போது அவ்வளவு நீளக் கண்ணாடி இருக்கவில்லை. எங்கள் வீட்டு அலுமாரிக் கதவில் இருந்ததைக் கழற்றித் தரச் சொல்லி என் கணவரை நச்சரித்தேன். முச்சக்கர வண்டியில் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்து இறக்கினார் மனிதர். அதற்குப் பிறகு எத்தனையோ மாதம் சமையலறை ஜன்னலில் மாட்டிய சின்னக் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலைசீவிக்கொண்டு, “ஒன் நோயாளிக்குக் காலு வந்துச்சோ இல்லியோ, எனக்குப் பாதி மூஞ்சி போயிருச்சு,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் படுதோல்வி. நானா கண்ணாடியைப் பார்த்தார். இடது கால் முழுசாக, விரல்களோடு, அங்கே இருந்தது. நான் புத்தகத்தில் உள்ளபடி பாதத்தை மேலே தூக்குங்கள், கீழே இறக்குங்கள், விரலை விரியுங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. பிறகு வார்டே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கத்தல். மனைவி ஓடிவந்து கண்ணாடியை என் கையிலிருந்து தள்ளிவிட்டார்.

“போதும் மிஸ், போதும்! நீங்க நல்லா ஈப்பீங்க, அவர விட்டுடுங்க!”

வலி குறைவதற்குப் பதில் கூடிப்போயிருந்தது. கிளினிக் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் உங்களில் பலர் அந்தக் கண்ணாடியை மூலையில் சாத்திவிட்டு அடுத்த நோயாளியிடம் போயிருப்பீர்கள். அது தப்பென்று நான் சொல்லமாட்டேன். நோயாளி கத்தும்போது நிறுத்தத்தான் வேண்டும். நானும் அன்றைக்கு நிறுத்தினேன்.

ஆனால் கிளம்பவில்லை. அவருடைய கட்டிலடியில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.  பேச்சுக்கு ஏதாவது கேட்கவேண்டுமே என்று கேட்டேன்.

“நானா, அந்தக் கால் இப்ப எங்க இருக்கு? என்னா செய்யிது?”

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். “வேற எங்க, கிளச்சிலதான்.”

எத்தனை வாரமாக அவரைப் பார்க்கிறோம். எவ்வளவு வலி, எப்போது வலி, எரிகிறதா குத்துகிறதா என்றெல்லாம் எத்தனை பேர் கேட்டிருப்போம். அந்தக் கால் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று யாருமே கேட்டிருக்கவில்லை. தயவுசெய்து நீங்கள் கேளுங்கள்.

அவர் சொன்னார். இறக்கத்தில் போய்க்கொண்டிருக்கும்போது பிரேக் பிடிக்காததை உணர்ந்திருக்கிறார். கியரைக் குறைத்து எஞ்சினாலேயே லொறியை அடக்கிவிடலாம் என்று கிளச்சை மிதித்திருக்கிறார். மிதித்ததும் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இருந்த தொடுப்பு விட்டுப்போய் லொறி இன்னும் பாய்ந்திருக்கிறது. கியர் விழாமல் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

“அதுக்குள்ள வளைவு வந்திட்டு மிஸ். நான் மலப்பக்கம் திருப்பிட்டேன். காலு அப்பிடியே கிளச்சில நிக்கிது.”

“கியர் விழுந்துச்சா, விழலையா நானா?”

“தெரியாதே. அதுதானே. தெரிய முந்தி அடிச்சிட்டு.”

“அப்ப கிளச்ச விட்டுட வேண்டியதுதானே?”

அவர் கண்ணைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். லொறியைப் பற்றி ஒன்றும் தெரியாதவளிடம் அகப்பட்டுக்கொண்டோமே என்கிற பார்வை. “கியர் விழாம எப்பிடி மிஸ் விடுற?”

அடுத்த நாள் மனைவியிடம் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி கண்ணாடியை வைத்தேன். அவரைக் கதிரையில் உட்காரவைத்தேன். நான் அவருக்கு இடது பக்கத்தில், லொறியில் கூடப் போகிற ஆள் போல ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்த்துக்கொண்டேன். பாதத்தை மேலே தூக்கு, கீழே இறக்கு என்ற பேச்சே எடுக்கவில்லை.

“நானா, கலஹாவில இருந்து கொழும்புக்குப் போறோம். லோட் ஏத்தியாச்சு. எடுங்க வண்டிய.”

அவர் சிரித்தார். அந்த வார்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. “மிஸ்ஸுக்குப் பைத்தியம்,” என்றார் மனைவியைப் பார்த்து. ஆனால் வலது கை ஸ்டியரிங் சுக்கானைப் பிடிக்கப் போய்விட்டது. இடது கை கியரைத் தேடியது. கண்ணாடிக்குள் இடது கால் கிளச்சை மிதித்தது, மெல்ல விட்டது. உண்மையில் அசைந்தது வலது கால்தான், ஆனால் அவருடைய கண் கண்ணாடியை விட்டு அசையவில்லை.

ஹிந்தகல தாண்டினோம். பேராதனையில் நெரிசல் என்று திட்டினார். பிலிமத்தலாவையில் நான் பெரிய அறிவாளி போல “இந்த எடத்துல பிரேக் போடுங்க” என்றேன். “இது நேர் ரோட்டு மிஸ், இங்க என்னத்துக்கு பிரேக்கு? பின்னால வாரவன் என்னையத்தான் ஏசுவான்,” என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பு சிரித்தவர்களில் ஒருவர் இப்போது வழி சொல்லத் தொடங்கியிருந்தார்.

கடுகண்ணாவை வந்தது. ரயில் பாதை ஓரம், குடைந்த பாறை, பிறகு இறக்கம். நானாவின் குரல் மெல்ல நின்றுபோனது. நெற்றியில் வியர்வை. கண்ணாடியில் அந்தக் கால் கிளச்சை அடிவரைக்கும் மிதித்தபடி விறைத்து நின்றது. விரல்கள் மடங்கின. அவர் பல்லைக் கடித்தார். மனைவி என்னைப் பார்த்தார், நிறுத்துங்கள் என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

நிறுத்துவதா, போவதா? முந்தின நாள் நிறுத்தினேன், அது சரி. இன்றைக்கும் அதே கத்தல் வந்தால் இந்த மனிதர் இனி என்னை நம்பமாட்டார், நேரே போய் முழங்காலைக் கொடுத்துவிட்டு வருவார். போனால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியாது. எந்தப் புத்தகத்திலும் அந்த வளைவு இல்லை. அவருடைய முகத்தைப் பார்த்தேன். நேற்று அதில் இருந்தது வலி மட்டும். இன்று வலியோடு சேர்த்து ஒரு வேலையும் இருந்தது, அவர் எதையோ செய்ய முயன்றுகொண்டிருந்தார். அதை நம்பித்தான் பேசினேன்.

“நானா, அவசரமில்ல. வளைவு இன்னும் தூரம். கியர போடுங்க.”

“விழாது மிஸ்.”

“இன்னைக்கு விழும். போடுங்க.”

இடது கை முன்னே போய், பின்னே இழுத்தது. ஒரு தரம், இன்னொரு தரம். பிறகு ஏதோ ஒன்று பொருந்தியது போல அந்தக் கை நின்றது. அவர் மூச்சை விட்டார்.

“விழுந்திட்டு,” என்றார் மெதுவாக. “ரெண்டாவது விழுந்திட்டு.”

“அப்ப விடுங்க. மெதுவா.”

கண்ணாடியில் அந்தப் பாதம் மேலே வந்தது. மெல்ல, மெல்ல, அனுபவப்பட்ட டிரைவர் பாரத்தோடு இறங்கும்போது எப்படி விடுவாரோ அப்படி. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.  அவர் லொறியை ஓரமாக நிறுத்திவிட்டு, இல்லாத சுக்கானில் தலையைச் சாய்த்து அழுதார்.

“எரிச்சல் கொறயிது மிஸ். அல்லாவே, கொறயிது.”

ஒரே நாளில் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் நீங்கள் என்னை நம்பக்கூடாது. வலி திரும்பத் திரும்ப வந்தது. நாங்களும் திரும்பத் திரும்பக் கொழும்புக்குப் போனோம். கிளினிக் நாளில் டொக்டர் அவரிடம், “என்ன, வெட்டுவமே?” என்று கேட்டார். “கொஞ்சம் பொறுங்க டொக்டர், இப்ப ஓட்டம் ஈக்குது,” என்றார் நானா. டொக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் நோயாளி அட்டையைப் புரட்டிக்கொண்டு நின்றேன். ஆனால் உள்ளே துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தேன். முழங்கால் பிழைத்துவிட்டது. பிறகு அவர் கண்ணாடியை வீட்டுக்கே கொண்டுபோய்த் தன்பாட்டில் பழகினார், மாதத்துக்கு ஒருதரம் வந்து காட்டிவிட்டுப் போனார். வரவர வலியும் குறைந்தது.

இந்த இடத்தோடு கதையை முடித்திருந்தால் நானும் ஒரு கெட்டிக்காரி ஆகியிருப்பேன். முன்பெல்லாம் பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்லும்போது இங்கேதான் நிறுத்துவேன், பிள்ளைகள் கைதட்டுவார்கள். உங்களுக்கு மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

செயற்கைக் காலுக்கு அளவெடுக்க வரச் சொன்ன நாளில் அவர் மனைவியோடு வந்தார். மனைவி எனக்கென்று வட்டிலப்பம் செய்து எடுத்துவந்திருந்தார். ஆளே மாறியிருந்தார், முகத்தில் நிறம் வந்திருந்தது. நானா மட்டும் சரியாகப் பேசவில்லை.

“புள்ள, கன்டீன்ல மிஸ்ஸுக்கு ஒரு பிளேன்டீ வாங்கிட்டு வா,” என்று மனைவியை அனுப்பினார். அவர் கதவைத் தாண்டும் வரைக்கும் காத்திருந்தார்.

“மிஸ், காலு போயிட்டு.”

எனக்கு விளங்கவில்லை. “வலியா நானா?”

“நோவு முந்தியே போயிட்டு. நான் சொல்றது காலு. முந்தி அது கீழ, அதுட இடத்திலேயே ஈந்திச்சி. மறுகா கொஞ்சம் கொஞ்சமா மேல வந்திச்சி. பாதம் வந்து முழங்காலுக்குக் கீழ ஒட்டிக்கொண்டு, சின்னப் புள்ளட காலு மாதிரி. போன கிழம விடிய சுபஹு தொழ எழும்பிப் பாக்குறேன், இல்ல. தேடுறேன் மிஸ். ஒண்டுமே இல்ல.”

இப்படி நடக்கும் என்று நான் படித்திருக்கிறேன். கண்ணாடி வேலை செய்தால் வலியோடு அந்த மாயக் காலும் சுருங்கி மறைந்துபோகலாம். சிகிச்சை நல்லபடி முடிந்ததற்கு அடையாளம் என்று எழுதியிருப்பார்கள். அதைத்தான் அவரிடம் சொல்ல வாயெடுத்தேன்.

“நோவு ஈந்த வரைக்கும் எண்ட காலு கிளச்சில ஈந்திச்சி,” என்றார். “அப்ப நான் டிரைவர் மிஸ். ஆஸ்பத்திரில படுத்திருக்கிற டிரைவர். இப்ப நான் யாரு?”

கையிலிருந்த அளவு நாடாவைச் சுருட்டி மேசையில் வைத்தேன். அவரே கேட்டார். “திருப்பி எடுக்க ஏலுமா?”

கண்ணாடியைத் திரும்ப வைத்துப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். நம் தொழிலில் அது மிகச் சுலபம், எதையாவது செய்து பார்ப்போம் என்று சொல்லி நோயாளியை அனுப்பிவிடலாம். “முடியாது நானா,” என்றேன். “வந்தாலும் வலியோடதான் வரும்.”

“வந்தா வரட்டும் எண்டு நெனச்சன் மிஸ். ஒரு நாள் முழுக்க அப்பிடியே நெனச்சிக்கொண்டு ஈந்தன்.” கதவுப் பக்கம் பார்த்தார். “அவக்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவ இப்பதான் ராவைக்குத் தூங்குறா.”

மனைவி பிளேன்டீயோடு வந்துவிட்டார். எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. “இவர் சொன்னாரா மிஸ்? நோவு ஒரு பொட்டும் இல்ல. எனக்கு இன்னும் நம்பவே ஏலாம ஈக்குது.” கணவரின் தோளில் கை வைத்துக்கொண்டு கேட்டார், “போயிட்டுது தானே? நீங்களே மிஸ்ஸுக்குச் சொல்லுங்களேன்.”

நானா கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். என்னைப் பார்க்காமல் மனைவியை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

“ஓ, போயிட்டுது,” என்றார். “முழுசாப் போயிட்டுது.”